வண்டி வேண்டாம் என்று தெரிவித்தனர்

முதலில் எடுத்தது "தன்னலமற்ற" என்ற சொல்லை. பிறகு "மகத்தான", "அயராத", "ஒப்பற்ற". எங்கள் செயலாளர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த இரண்டு பக்கத்தில் இந்த வகைச் சொற்களையெல்லாம் கழித்தபோது அரைப் பக்கம்தான் மிஞ்சியது. அந்த அரைப் பக்கத்திலும் பாதி, அவர் வாங்கிய பட்டங்களும் போர்த்திக்கொண்ட சால்வைகளும்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அறக்கட்டளை இருந்தது. கல்வராயன் மலையில் தார் ரோடு முடிந்த பிறகும் ஊர்கள் உண்டு. 108 வண்டி ரோடு முடிகிற இடம்வரை வந்து நிற்கும். அதற்கு மேல் மண் பாதை, பாறை, ஓடை. அந்த ஊர்களிலிருந்து நோயாளிகளை, முக்கியமாகப் பிரசவத்துக்கு இருக்கும் பெண்களை, ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க நாங்கள் ஒரு ஜீப் வைத்திருந்தோம். பெயர்ப்பலகை பெரிசுதான். உள்ளதைச் சொன்னால், ஒரு ஜீப், ஒரு ஓட்டுநர், ஒரு போன், அப்புறம் நான். தினமும் சின்னசேலத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். போனை எடுப்பது, அழைப்புப் பதிவேடு எழுதுவது, ஆண்டறிக்கை தயாரிப்பது, பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு அனுப்புவது, வருகிற விருந்தாளிகளுக்கு டீ சொல்வது எல்லாம் நானே.

நன்கொடை தருகிற கம்பெனிக்காரர்கள் யாரோ செயலாளரிடம், இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியத்தில் தேடிப் பார்த்தோம், உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டுவிட்டார்களாம். மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏம்மா, அதுல யாரு வேணா எழுதலாமாமே. நம்மள பத்தி நீயே எழுதிப் போட்டுடு. நீதான் நல்லா எழுதுவியே" என்றார்.

எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தக் களஞ்சியத்தின் விதிகளைப் படித்தேன். உள்ளபடி சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. புகழக் கூடாது, திட்டக் கூடாது, "நாங்கள்" என்று எழுதக் கூடாது. எந்த வரியை எழுதினாலும் வெளியார் யாராவது அச்சில் சொல்லியிருக்க வேண்டும். நடுநிலை, நடுநிலை என்று பத்திக்குப் பத்தி. வருடக்கணக்கில் செயலாளருக்காக "மகத்தான" எழுதிச் சலித்தவளுக்கு அது வெயிலில் மோர் குடித்த மாதிரி இருந்தது. விதிகளில் இன்னொன்றும் இருந்தது. தன் சொந்த அமைப்பைப் பற்றி யாரும் எழுதாமல் இருப்பது நல்லது, எழுதினால் தனக்கு என்ன தொடர்பு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அதைப் படிக்காத மாதிரி கீழே தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

நடுநிலையாக எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. "பட்டது" போட்டால் போதும். தொடங்கப்பட்டது, வாங்கப்பட்டது, வழங்கப்படுகிறது. யார் தொடங்கினார், யார் வாங்கினார், ஒருத்தரும் தேவையில்லை. ஒரு மதியத்துக்குள் கட்டுரை தயார். ஆதாரத்துக்கு மட்டும் கோப்பிலிருந்த பத்திரிகைத் துணுக்குகளை எடுத்துப் பரப்பினேன். மாவட்டச் செய்திப் பக்கத்தில் எங்களைப் பற்றி வந்தவை. ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் நான் எழுதிய வாக்கியங்கள். நான் அனுப்பிய செய்திக்குறிப்பை ஒரு காற்புள்ளி மாறாமல் போட்டிருந்தார்கள். என் வாக்கியத்துக்கு என் வாக்கியமே சாட்சி. சரி, அச்சில் வந்திருக்கிறதே என்று சேர்த்துக்கொண்டேன்.

அப்படிச் சேர்த்ததில் ஒரு வரி: "கோரப்பட்ட அனைத்து அழைப்புகளுக்கும் வண்டி அனுப்பப்பட்டது." ஆண்டறிக்கையில் வருடா வருடம் நான் நகலெடுத்து ஒட்டுகிற வரி அது. கை தானாகவே அடித்துவிட்டது. அடிக்குறிப்பு மூன்று.

கட்டுரையைப் போட்ட இரண்டாம் நாள், களஞ்சியத்தில் பழைய பங்களிப்பாளர் ஒருவர் அதைச் சரிபார்த்தார். எந்த ஊர்க்காரரோ, புனைபெயர்தான் வைத்திருந்தார். நான் விட்டுவைத்திருந்த பெருமைகளையும் அவர் விடவில்லை. செயலாளரின் சால்வைகள் போயின, மலையின் இயற்கை அழகு போயிற்று, "பழங்குடி மக்களின் நம்பிக்கையைப் பெற்ற" போயிற்று. எட்டுப் பத்தி, ஒரு பத்தியானது. நான் அலுவலகக் கணினியில் அந்த ஒற்றைப் பத்தியைப் படித்தேன். அமைப்பு எங்கே இருக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன செய்கிறது. கடைசியில், "கோரப்பட்ட அனைத்து அழைப்புகளுக்கும் வண்டி அனுப்பப்பட்டது." அதை மட்டும் அவர் தொடவே இல்லை. புகழ்ச்சி இல்லாத வரி, ஆதாரம் உள்ள வரி. அவர் அளவுகோலில் அது தேறிவிட்டது.

அது பொய் என்று உலகத்தில் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்தேன். செயலாளரைச் சேர்த்தால் இரண்டு பேர்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள். பட்டணத்திலிருந்து நன்கொடையாளர்கள் வந்திருந்தார்கள். செயலாளர் அவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்கு, அருவி பார்க்கப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டை அலுவலகத்துக்கே வரவழைக்கும் பொறுப்பு என்னுடையது. பதினொரு மணி வாக்கில் போன் வந்தது. மலையில் ஓர் ஊர். பேசியவருக்கு மூச்சு இரைத்தது. அந்த ஊர்களில் சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏறித்தான் பேச வேண்டும்.

"மேடம், எங்க வூட்ல ராத்திரியிலேந்து வலி எடுத்துக் கெடக்குது. ஜீப்பு வருங்களா?"

"வண்டி வெளிய போயிருக்குதுங்க. வந்த ஒடனே அனுப்புறேன்."

"எத்தினி மணிக்கு வரும் மேடம்?"

"மதியத்துக்குள்ள வந்துரும்ங்க."

ஓட்டுநரிடம் போன் இருந்தது. அருவிப் பக்கம் சில நேரம் மணி அடிக்கும், சில நேரம் அடிக்காது. நான் ஒரு தடவைகூட அடித்துப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின முறை விருந்தாளிகள் இருக்கும்போது நான் போன் செய்யப்போய், அவர்கள் எதிரிலேயே செயலாளர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அந்த ரோஷம் எனக்கு. திரும்பி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று வாழை இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வடை குறைகிறது என்று கடைக்காரரோடு சண்டை வேறு போட்டேன். வடைக்காக நான் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதிலேயே இருக்கிறது.

மூன்று மணிக்கு அதே ஆள் மறுபடியும் பேசினார். வண்டி இன்னும் வந்திருக்கவில்லை.

"மேடம், இனிமே வண்டி வாணாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "அப்பாடா, பொறந்துருச்சா? இன்னா கொழந்தைங்க?"

காற்று மட்டும் கேட்டது.

"பொம்பளப் புள்ள."

"ரொம்ப சந்தோஷங்க! தாயும் புள்ளையும் நல்லா இருக்கணும்."

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

பதிவேட்டை எடுத்தேன். கடைசிக் கட்டத்தில் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: "வண்டி வேண்டாம் என்று தெரிவித்தனர்." பேசியவர் ஒருவர், நான் எழுதியது "தெரிவித்தனர்". அவர் சொன்னது "வாணாம்", நான் எழுதியது "வேண்டாம்". அவர் "இனிமே" என்றும் சொல்லியிருந்தார். அது இல்லாமலேயே வாக்கியம் முழுதாக இருந்ததால் விட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொன்ன அழைப்புகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். கோரியவர்களே கோரவில்லை என்றால் அது கோரிக்கை இல்லையே. அதனால் ஆண்டறிக்கையின் வரிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

மூன்றாம் நாள், மலையில் வேலை பார்க்கிற கிராம நர்ஸ் ஏதோ காகிதம் கொடுக்க மாடியேறி வந்தாள். டீ குடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு பொண்ணு பிரசவத்துல ரத்தம் நிக்காமயே போயிருச்சுக்கா. கொழந்த மட்டும் பொழச்சிக்கிச்சி. பாவம் அந்த ஆளு."

எந்த ஊர் என்று கேட்டேன். அதே ஊர். எந்த நாள் என்று கேட்டேன். அதே நாள், மதியம். மனைவியின் உடலை வீட்டில் போட்டுவிட்டு அந்த மனிதர் பாறை ஏறி வந்திருக்கிறார், வண்டி இனி வேண்டாம் என்று சொல்வதற்கு. அவரிடம் நான் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லியிருக்கிறேன்.

செயலாளரிடம் போய் அழுதேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "அவங்க வாணாம்னு சொன்னாங்க. நீ வாணாம்னு எழுதுன. இதுல பொய் எங்கம்மா இருக்குது? வுடு, மனச அலட்டிக்காத." பதிவேட்டில் ஒரு சொல்லை நான் அன்றைக்கே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அவர் விடு என்றார், நான் விட்டேன்.

எங்கள் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு "வாணாம்" என்ற அந்தச் சொல்லிலிருந்து தப்பிக்க முடியாது. பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை நீட்டினால் பின்சீட்டுக்காரர் "அஞ்சு ரூபா நோட்டு வாணாம், கிழிஞ்சிக்கினு இருக்குது" என்பார். சின்னசேலம் சந்தையில் "பை வாணாங்களா?" வீட்டில் இன்னொரு தோசை வைக்கப் போனால் என் கணவர் தட்டின் மேல் கையை விரித்து "வாணாம், வாணாம்" என்பார். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பின்னால் அந்தக் காற்றின் சத்தம் எனக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது, "போதும்" என்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளை விரட்டினேன். "அம்மா பெரிய தமிழ் டீச்சர் ஆயிட்டாங்க" என்று கிண்டல் செய்தார்கள். காரணத்தை நான் சொல்லவில்லை. ஒருமுறை பூக்காரி "பூ வாணாமாம்மா?" என்று கேட்டதற்கு நடுத்தெருவில் அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள்.

இப்போது அந்த வரி உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில், நடுநிலையாக, அடிக்குறிப்போடு உட்கார்ந்திருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே நான் அதை நீக்கினேன். மறுநாள் காலையில் பார்த்தால் திரும்ப வந்திருந்தது. சரிபார்ப்பவர் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: ஆதாரமுள்ள தகவலைக் காரணமில்லாமல் நீக்க வேண்டாம். மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது. மூன்றாம் முறை அவர் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் மரியாதையாகவே கேட்டிருந்தார். இந்த வரி தவறு என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா? இந்த அமைப்போடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அதைத் தட்டச்சு செய்யப் போய், கை வராமல் எழுந்துவிட்டேன்.

கட்டுரையின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். சில நாள் கழித்து அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். நான் அங்கே வேலை செய்பவள், போனை எடுத்தது நான், பத்திரிகையில் வந்ததும் என் குறிப்புதான். அவர் வருத்தம் தெரிவித்தார். அமைப்பே எழுதிக் கொடுத்த செய்தி ஆதாரமாகாது என்று அந்த வரியை எடுத்தார். அது போனதும் கட்டுரையில் நிற்க ஒன்றும் இல்லை, மொத்தமும் நீக்கப்பட்டது. நான் எழுதியதையும் கட்டுரையில் சேர்க்க முடியாது என்றார், ஏனென்றால் அதற்கும் ஆதாரம் இல்லை. செயலாளர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அந்த மாத முடிவில் நான் வேலையை விட்டேன். இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. உரையாடல் பக்கத்தில் எழுதுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மலைக்குப் போய்வந்தேன். சொல்ல வேண்டியது அதுதான்.

அன்றைக்குப் போனில் பேசிய அந்த மனிதரின் சொல்லும் அச்சில் வராத சொல்தான், ஆதாரமாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவரைப் பார்க்காமல் அவரைப் பற்றி எழுதுவது இன்னொரு "தெரிவித்தனர்" ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, வழி கேட்டு இறங்கி, மண் பாதையில் நடந்தேன். எங்கள் ஜீப் போகிற பாதைதான். அத்தனை வருடத்தில் அதில் நான் ஒருமுறைகூடப் போனதில்லை என்பது நடக்கும்போதுதான் உறைத்தது.

வீட்டு வாசலில் உட்கார்ந்து, நடுவதற்கு மரவள்ளிக் குச்சிகளைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்று ஆரம்பித்ததுமே நிமிர்ந்தார்.

"கொரல் தெரியுது மேடம். ஜீப்பு ஆபீசு."

உள்ளேயிருந்து ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். விடுதிப் பள்ளியில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்றார். பிறகு அவளிடம் சொன்னார்: "இவுங்கதான் நீ பொறந்தப்ப மொதல்ல விசாரிச்சவங்க. பொண்ணு பொறந்துதுன்னு சொன்னப்ப சந்தோஷம்னு சொன்னாங்க. அன்னிக்கு வேற யாருமே அப்டி சொல்லல."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சொம்பைக் கீழே வைத்தேன். டீத்தூள் வாங்கிவரச் சொல்லி அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். அவள் போனதும் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். இப்படி எங்களைப் பற்றி எழுதியிருக்கிறது, இது சரியா என்று சொல்லுங்கள் என்று அந்த வரியைப் படித்தேன். கோரப்பட்ட அனைத்து அழைப்புகளுக்கும் வண்டி அனுப்பப்பட்டது. புரிகிற மாதிரி இன்னொரு தடவையும் சொன்னேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிதானுங்களே" என்றார். "நாந்தான் வாணாம்னு சொல்லிட்டேனே. வண்டி இம்மாந்தூரம் வீணா வந்துட்டுப் போவக் கூடாது பாருங்க. வேற யாருக்காச்சும் ஆவும்னுதான் மறுபடியும் பாறைக்கு ஏறி வந்து சொன்னேன்."

திட்டுவார் என்று நினைத்து வந்திருந்தேன். திட்ட வேண்டும் என்றே ஆசைப்பட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "நானே உங்கள ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன் மேடம். எங்க போயி கேக்குறதுன்னு தெரியல."

"கேளுங்க."

"அன்னிக்கு அந்தப் பொம்பள பொழச்சிக்கிச்சிங்களா?"

"எந்தப் பொம்பளைங்க?"

"வண்டி வெளிய போயிருக்குதுன்னு சொன்னீங்களே. அப்ப அதுல ஏத்திக்கினு போனாங்களே, அவங்க. அவங்களுக்கு நல்லபடியா ஆச்சா?"

அவர் கேட்டது எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. வெளியே போயிருக்கிறது என்று நான் சொன்னது உண்மைதான். அதில் ஒரு சொல் பொய் கிடையாது. அந்த உண்மையை வாங்கிக்கொண்டு பாறையிலிருந்து இறங்கிய மனிதர், எங்கேயோ இன்னொரு ஊரில், தன் மனைவியைப் போலவே இன்னொரு பெண் வலியோடு இருந்ததாகவும், அவளுக்காக ஜீப் போனதாகவும் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருத்தி போனாலும் ஒருத்தி பிழைத்திருப்பாள் என்று.

"பொழச்சிக்கிச்சிங்க" என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார், நானும் டீ குடித்துவிட்டு இறங்கியிருப்பேன்.

"அப்படி யாரும் இல்லீங்க" என்றேன். "விருந்தாளிங்கள ஏத்திக்கினு வண்டி அருவி பாக்கப் போயிருந்தது. நான் ஒரு போன் பண்ணிக் கூப்புட்டிருந்தா திரும்பி வந்திருக்கும். நான் பண்ணல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வெட்டிப்போட்ட குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கினார்.

"வருஷா வருஷம் இவ அம்மாவுக்குப் படைக்கும்போது, அந்தப் பொம்பளையாச்சும் நல்லா இருக்கணும்னு சேத்துக் கும்புட்டுக்கினு இருந்தேன் மேடம்" என்றார்.